ஹிப்னோதெரபிக்குப் பணம் கட்டும் முன்

ஸ்கேன் நார்மல், ரத்தப் பரிசோதனை நார்மல், கொலனோஸ்கோபியும் நார்மல். வயிற்று வலி மட்டும் போகவில்லை. இந்தக் கட்டத்தில் இருப்பவர்தான் பெரும்பாலும் ஹிப்னோதெரபி, அதாவது ஹிப்னாடிசம் வைத்துச் செய்யும் சிகிச்சை பற்றி விசாரிக்க ஆரம்பிக்கிறார். நானும் அப்படித்தான் வந்து சேர்ந்தேன். காலையில் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் மூன்று நான்கு முறை டாய்லெட், பஸ்ஸில் ஏறினால் அடுத்த டாய்லெட் எங்கே என்ற பயம், கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரத் தயக்கம். "ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லையே, எல்லாம் உன் மனசுதான்" என்று வீட்டில் சொல்லும்போது வலியை விட அந்த வார்த்தை அதிகமாக வலிக்கும். அந்த மனநிலையில் யார் "குணமாக்குகிறேன்" என்றாலும் நம்பத் தோன்றும். அதனால்தான் இதை எழுதுகிறேன். பணம் கட்டும் முன் இவ்வளவையும் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

முதலில் நோய்க்கு ஒரு பெயர் கிடைக்க வேண்டும். எனக்கு இருந்தது ஐபிஎஸ் என்கிற குடல் எரிச்சல் நோய்க்குறி. குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது. குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் நரம்புத் தகவல்தான் கெட்டுப்போயிருக்கும். சாதாரணமாக யாருக்கும் உறைக்காத வாயு அசைவுகூட இவர்களுக்கு வலியாகத் தெரியும். வலி நிஜமான வலிதான், கற்பனை கிடையாது. டாக்டர்கள் கையாளும் ரோம் 4 அளவுகோலின்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரம் ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு அந்த வலிக்குத் தொடர்பு, போகும் எண்ணிக்கையில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டாவது சேர்ந்திருக்க வேண்டும். தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய், ஐம்பது வயதை நெருங்கும்போது புதிதாக வந்த மாற்றம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஹிப்னாடிசம் பக்கமே போகாதீர்கள், குடல் மருத்துவரிடம் போங்கள். ஹிப்னாடிசம் வலியைக் குறைக்கக்கூடியது. காரணம் தெரியாத வலியைக் குறைத்துவிட்டால் உள்ளே வளரும் நோய் வெளியே தெரியாமல் போய்விடும்.

பெயர் கிடைத்தபின் நான் போன முதல் இடம் ஒரு "மைண்ட் பவர்" மையம். முழு பேக்கேஜ் 38,000 ரூபாய், முன்பணமாகவே கட்ட வேண்டும். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், என்னென்ன டெஸ்ட் எடுத்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நேராகச் சாய்வு நாற்காலி, மங்கலான விளக்கு, பின்னணியில் புல்லாங்குழல். கண்ணை மூடிச் சிறிது நேரத்தில் கேள்விகள் தொடங்கின. "இந்த வலி முதன்முதலில் வந்த இடத்துக்குப் போங்கள். சின்ன வயது. சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். யார் கையால் சாப்பிடுகிறீர்கள்? முகம் தெரிகிறதா?" எனக்கு என் அத்தையின் முகம் தெரிந்தது. தெரியாமல் என்ன செய்யும், பள்ளி விடுமுறை முழுக்க அவர் கையால்தானே சாப்பிட்டேன். "அந்தச் சாப்பாட்டில் என்ன கலந்திருக்கிறது?" என்பது அடுத்த கேள்வி. இடுமருந்து வைத்துவிட்டார்கள் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த ஊர் நம் ஊர். அந்தக் கேள்விக்கு மனம் பதில் தயாரித்துக் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு போன பிறவி, அதில் விஷம், அதைக் கழிக்கத் தனிக் கட்டணத்தில் இன்னொரு பேக்கேஜ். வயிறு அப்படியேதான் இருந்தது. என்னை வளர்த்த ஒரு மனுஷியின் முகத்தைப் பல மாதம் நேராகப் பார்க்க முடியாமல் போனதுதான் மிச்சம். பணத்தை விட எனக்கு அதுதான் ஆறவில்லை.

இங்கே நடந்தது என்ன என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். ஹிப்னாடிச நிலையில் கற்பனைக் காட்சி மிகத் துல்லியமாக, உணர்ச்சியோடு வரும். வழக்கமாக நமக்குள் இருக்கும் "இது நிஜமா, நானே நினைத்துக்கொள்வதா" என்ற சோதனை தளர்ந்திருக்கும். அப்போது கேள்வியிலேயே பதிலை ஒளித்துக் கேட்டால் அந்தப் பதில் நினைவு மாதிரியே வந்து உட்கார்ந்துவிடும். வந்தது பொய்யாக இருந்தாலும் அதன் மேல் நமக்கு வரும் உறுதி மட்டும் கூடும். 1980களிலும் 90களிலும் அமெரிக்காவில் இப்படி "மீட்டெடுத்த" நினைவுகளால் குடும்பங்கள் உடைந்து, வழக்குகள் நடந்தன. ஹிப்னாடிசத்தால் வரவழைத்த சாட்சியத்தைப் பொதுவாக நீதிமன்றத்தில் ஏற்கக் கூடாது என்று கனடா உச்ச நீதிமன்றம் 2007இல் தீர்ப்பு சொன்னது. ஆகவே பழைய நினைவைத் தோண்டி எடுக்கிறேன், முற்பிறவியைக் காட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே அப்படி ஏதாவது வந்துவிட்டிருந்தால், அதை வைத்து யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள், சொத்து, திருமணம் போன்ற எந்த முடிவும் எடுக்காதீர்கள். முதலில் ஒரு மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ சொல்லுங்கள்.

பணம் போனவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், தேதியோடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் சரியாகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. எனக்கு ஒரு பகுதிதான் திரும்பி வந்தது. அதுவும் எழுத்தில் கேட்ட பிறகுதான் வந்தது, போனில் கேட்டவரை இழுத்தடித்தார்கள்.

இத்தனைக்கும் ஹிப்னாடிசம் ஒரு பித்தலாட்டம் கிடையாது. ஐபிஎஸ்ஸுக்கு இது ஒழுங்கான மருத்துவ ஆய்வில் நின்ற சிகிச்சை. கோவாவில் பிறந்த அபே ஃபாரியா என்ற பாதிரியார் 1813இல் பாரிஸில் இதைப் பற்றி வகுப்புகள் நடத்தினார். மயக்குபவரிடமிருந்து ஏதோ காந்த சக்தி பாய்வதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அப்படி எதுவும் பாயவில்லை, நடப்பதெல்லாம் உட்கார்ந்திருப்பவரின் மனதுக்குள்தான் என்று அவர் சொன்னார். இன்றைய அறிவியலும் அங்கேதான் நிற்கிறது. நல்ல படத்தில் மூழ்கியிருக்கும்போது பக்கத்து சீட்டில் இருந்தவர் எழுந்து போனதுகூடத் தெரியாமல் இருப்போமே, அதே கவனக் குவிப்புதான் இது. நீங்கள் தூங்குவதில்லை. பேசுவது கேட்கும். வேண்டாம் என்றால் கண்ணைத் திறந்துவிடலாம். விருப்பமில்லாத ரகசியத்தை யாரும் பிடுங்க முடியாது. அந்தக் குவிப்பில் சொல்லப்படும் வார்த்தைக்கு உடல் கூடுதலாகச் செவிசாய்க்கிறது, அவ்வளவுதான். 1997இல் நடந்த ஒரு மூளை ஸ்கேன் ஆய்வில், சுடுநீரில் கை வைத்திருந்தவர்களுக்கு ஹிப்னாடிசத்தில் "இது அவ்வளவு வேதனையாக இல்லை" என்று சொன்னபோது, வேதனையை உணரும் மூளைப் பகுதியின் செயல்பாடு நிஜமாகவே மாறியது. வெறுமனே "வலிக்கவில்லை" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைக்கவில்லை என்பதற்கு அது சாட்சி.

குடலுக்கான முறையை வளர்த்தது இங்கிலாந்தின் மான்செஸ்டர். பீட்டர் வார்வெல் என்ற குடல் மருத்துவர் 1984இல், எந்த மருந்துக்கும் கேட்காத 30 ஐபிஎஸ் நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார். பின்னாளில் அதே குழு 1,000 நோயாளிகளின் பதிவுகளைத் தொகுத்தபோது சுமார் 76 சதவீதம் பேருக்குக் கணிசமான முன்னேற்றம் இருந்தது. இந்த எண்ணைத்தான் விளம்பரக்காரர்கள் எடுத்துப் போடுகிறார்கள். அதோடு இன்னொன்றையும் சேர்த்துப் படியுங்கள். நெதர்லாந்தில் 354 பேரை வைத்து நடந்து 2019இல் வெளியான ஆய்வில், தனியாகச் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 40 சதவீதமும், குழுவாகப் பெற்றவர்களில் 33 சதவீதமும், வெறும் விளக்க வகுப்பு மட்டும் பெற்றவர்களில் 17 சதவீதமும் போதுமான நிவாரணம் கண்டார்கள். அந்த 76க்கும் இந்த 40க்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். உங்களுக்கும் பலிக்காமல் போகலாம் என்று நினைத்தே ஆரம்பியுங்கள். எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று பிரிட்டனில் வழிகாட்டும் நைஸ் என்ற அமைப்பு, ஓராண்டு மருந்து எடுத்தும் சரியாகாத ஐபிஎஸ்ஸுக்கு இதை யோசிக்கலாம் என்று 2008இலேயே சொல்லிவிட்டது. வயிறு விஷயத்தில் இவ்வளவு தெளிவு இருக்கிறது. புகைபிடிக்கும் பழக்கத்தை விடுவதற்கு இது மற்ற வழிகளை விட மேல் என்று சொல்ல ஆதாரம் போதாது, ஆனால் நம் ஊரில் அதிக விளம்பரம் அதற்குத்தான்.

ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்வி போதும். ஹிப்னாடிசமே தெரியாவிட்டாலும் இவரால் என் நோய்க்கு வைத்தியம் பார்க்க முடியுமா? பல் டாக்டர் பல் பயத்துக்கு ஹிப்னாடிசம் செய்யலாம். மயக்க மருந்து டாக்டர் அறுவை சிகிச்சைக்குச் செய்யலாம், பெல்ஜியத்தின் லியேஜ் மருத்துவமனையில் 1992 முதல் தைராய்டு அறுவைகளையே லேசான மருந்தோடு இப்படிச் செய்துவருகிறார்கள். ஐபிஎஸ்ஸுக்கு ஒரு மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ வேண்டும். உளவியலாளர் என்றால் கிளினிக்கல் சைக்காலஜியில் எம்ஃபில் போன்ற பயிற்சி முடித்து இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் சொல்ல வேண்டும். ஒரு வார இறுதியில் நடக்கும் வகுப்புக்குப் போய் வாங்கிய, சுவரில் மாட்டியிருக்கும் "மாஸ்டர் ஹிப்னாடிஸ்ட்" சான்றிதழ் இதற்கு ஈடாகாது. போனிலேயே இன்னும் சிலவற்றைக் கேளுங்கள்: ஐபிஎஸ்ஸுக்கு எத்தனை அமர்வு, வீட்டுப் பயிற்சிக்கு ஒலிப்பதிவு தருவீர்களா, பலன் இல்லையென்றால் எப்போது நிறுத்துவோம், அமர்வுக்கு அமர்வு பணம் கட்டலாமா. வயிற்றுக்கான முறைகளில் 7 முதல் 12 அமர்வுகள் வழக்கம், மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும். ஒரே அமர்வில் குணம் என்பவரும் வேண்டாம், வருஷக் கணக்கில் இழுப்பவரும் வேண்டாம். நான் பிறகு போன இடத்தில் ஓர் அமர்வுக்கு 1,500 ரூபாய். மொத்தச் செலவு முதல் மையம் முன்பணமாக வாங்கியதில் பாதிகூட ஆகவில்லை.

சரியான இடத்தில் முதல் நாள் ஹிப்னாடிசமே நடக்காது. பழைய ரிப்போர்ட், மாத்திரை, தூக்கம், குடும்பத்தில் மனநோய், வலிப்பு, தற்கொலை எண்ணம், பழைய அதிர்ச்சி எல்லாம் கேட்பார்கள். மனச்சிதைவு போன்ற நோயில் குரல் கேட்பவர்கள், மேனியா என்கிற பித்தெழுச்சி நிலையில் இருப்பவர்கள், சுயநினைவு விட்டுப்போகும் தொந்தரவு உள்ளவர்கள் இவர்களுக்கு இதைத் தவிர்ப்பார்கள், அல்லது மனநல மருத்துவரின் மேற்பார்வையில்தான் தொடுவார்கள். எனக்குப் பார்த்த மேடம் இன்னொன்றும் கேட்டார்: "தண்ணீர்னா பயமா உங்களுக்கு? லிஃப்ட்ல போவீங்களா?" ஏன் என்று அப்போது புரியவில்லை. படி இறங்குவது, ஆற்றங்கரையில் நிற்பது என்று காட்சிகள் சொல்லப்படும். ஆற்றில் யாரையாவது பறிகொடுத்தவரிடம் ஆற்றைச் சொன்னால் என்ன ஆகும்? அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே ஆழத்தில் இது வராது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஸ்டான்ஃபோர்டில் 1959இல் உருவான, 12 சோதனைகள் கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. அப்படி அளந்து பார்த்ததில் மிக எளிதாக ஆழ்பவர்கள் ஒரு சிறு பங்கு, அறவே ஆழாதவர்கள் ஒரு சிறு பங்கு, மற்றவர்கள் இடையில். வயிற்றுச் சிகிச்சைக்கு இடைநிலை போதும். உங்களுக்கு லேசாகத்தான் வருகிறது என்றால் அது உங்கள் குறை கிடையாது.

அமர்வு எப்படிப் போகும் என்று விவரமாகவே சொல்கிறேன், தெரியாமல் போவதால்தான் பாதிப் பேர் பயப்படுகிறார்கள். சாப்பிட்ட உடனே போகாதீர்கள், பசியோடும் போகாதீர்கள். போவதற்கு முன் டாய்லெட் போய்விடுங்கள், ஐபிஎஸ் உள்ளவருக்கு அந்த ஒரு கவலையே கவனத்தைத் தின்றுவிடும். கண்ணாடியைக் கழற்றி, பாதம் இரண்டும் தரையில் படும்படி, தலைக்குச் சாய்மானம் உள்ள நாற்காலியில் உட்கார வைப்பார்கள். கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்வார்கள். மேல்நோக்கியே பார்த்துக்கொண்டிருந்தால் இமை தானாகவே கனக்கும், இதில் மாயம் எதுவும் இல்லை. மூச்சை உள்ளே இழுப்பதை விட வெளியே விடுவதை நீளமாக்கச் சொல்வார்கள். கண் மூடியதும் தலையிலிருந்து பாதம் வரை ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்துவது, பிறகு பத்திலிருந்து ஒன்று வரை எண்ணிக்கொண்டே ஒவ்வொரு படியாக இறங்குவது. வலது கை கனமாகிறது என்பார்கள். நீங்கள் தூக்கவும் வேண்டாம், கனமாக்கவும் வேண்டாம், கவனித்துக்கொண்டிருந்தால் போதும். கனமாகத்தான் வேண்டும் என்று முயற்சி செய்தால் எதுவும் நடக்காது. ஆரம்பத்தில் எல்லோரும் தடுமாறுவது இங்கேதான்.

பிறகு வயிறு. இரண்டு உள்ளங்கையையும் தொப்புளுக்கு மேலேயும் கீழேயும் வைத்து, கையின் கதகதப்பு தோலைத் தாண்டி உள்ளே இறங்குவதாக உணரச் சொல்வார்கள். அந்தச் சூடு போன இடமெல்லாம் தசை இளகுகிறது, குடலை நீங்கள் கட்டுப்படுத்துகிறீர்கள் என்ற வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். அடுத்து ஆறு. வயிற்றுப்போக்கு உள்ளவருக்கு வெள்ளமாக வரும் ஆறு மெல்ல அடங்கி நிதானமாக ஓடுகிறது. மலச்சிக்கல் உள்ளவருக்கு தேங்கிய நீர் நகர ஆரம்பிக்கிறது. இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது. யூடியூபில் கிடைக்கும் பொதுவான ஒலிப்பதிவுகளில் உள்ள பெரிய குறை இதுதான், உங்கள் குடல் எந்த வகை என்று அதற்குத் தெரியாது. இடையில் சிலருக்கு அழுகை வரும், சிலருக்குச் சிரிப்பு வரும். நல்ல சிகிச்சையாளர் அதைக் கிளற மாட்டார், அது என்ன அழுகை என்று குடைந்து கேட்க மாட்டார். மூச்சுக்குத் திரும்பக் கொண்டுவருவார். முடிக்கும்போது ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணி எழுப்புவார்கள். கை கனம் போய்விட்டது, உடல் பழையபடி இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லி முடிக்க வேண்டும். இதை அவசரத்தில் விட்டுவிட்டால் தலைசுற்றலும் மந்தமும் கொஞ்ச நேரம் நிற்கும். முடிந்ததும் பத்து நிமிஷமாவது உட்கார்ந்துவிட்டு வண்டியை எடுங்கள்.

மருந்து மாதிரி வேலை செய்வது வீட்டுப் பயிற்சிதான். அமர்வைப் பதிவு செய்து தருவார்கள், 20 முதல் 30 நிமிஷம், தினமும் கேட்க வேண்டும். நான் முதலில் ராத்திரி படுக்கையில் கேட்டேன், பாதியிலேயே தூங்கிவிடுவேன். தூக்கம் நல்லதுதான், ஆனால் வயிற்றுக்கான பகுதி பதிவின் பின்பாதியில் இருக்கிறது, அது வரும்போது நான் விழித்திருந்ததில்லை. மேடம் சொல்லி, சாயங்காலம் விளக்கேற்றுவதற்கு முன் நாற்காலியில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. வண்டி ஓட்டும்போதோ அடுப்பில் ஏதாவது இருக்கும்போதோ கேட்கவே கூடாது. வீட்டில் உள்ளவர்களிடம் அந்த அரை மணி நேரம் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள், குக்கர் விசில் ஒன்று போதும் எல்லாம் கலைய. தினமும் வலி பத்துக்கு எத்தனை, எத்தனை முறை போனீர்கள், மலம் எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். மாற்றம் மிக மெதுவாக வருவதால் எழுதி வைக்காவிட்டால் "ஒன்றும் ஆகவில்லை" என்று நான்காவது வாரத்திலேயே மனம் சோர்ந்துவிடும். எனக்கும் அந்தச் சோர்வு வந்தது, நோட்டுதான் பிடித்து நிறுத்தியது. பாதி அமர்வுகள் தாண்டியும் நோட்டில் அசைவே இல்லையென்றால் சிகிச்சையாளரிடம் அதைக் காட்டி, தொடர்வதா, உணவு முறை மாற்றம் பக்கம் போவதா என்று பேசுங்கள். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், வாயு உண்டாக்கும் சர்க்கரைகளைக் குறைக்கும் ஃபோட்மேப் உணவு முறையும் ஹிப்னாடிசமும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் கொடுத்தன. ஒன்று ஒத்துவராவிட்டால் மற்றது இருக்கிறது. ஃபோட்மேப் என்றால் வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பில் சில என்று நம் சமையலின் அடித்தளத்திலேயே கை வைக்கும், அதை டயட்டீஷியன் துணையில்லாமல் செய்ய வேண்டாம்.

இப்போது வலி முற்றிலும் போய்விட்டதா என்று கேட்பவர்களுக்கு: போகவில்லை. பரீட்சை முடிவு, ஆஸ்பத்திரி வாசம், தூக்கம் கெட்ட வாரம் என்றால் தலைகாட்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை வயிற்றில் வைத்து நீளமாக மூச்சு விட்டால் அடங்கிவிடுகிறது. அமர்வுகள் முடிந்த பிறகு பதிவை வாரத்துக்கு ஓரிரு முறை கேட்கிறேன், வயிறு தகராறு செய்யும் வாரம் தினமும். வயிற்று மாத்திரையை டாக்டரே படிப்படியாகக் குறைத்தார். மனநல மாத்திரையோ வலிப்பு மாத்திரையோ சாப்பிடுபவர்கள், ஹிப்னாடிசம் வேலை செய்கிறது என்று தாங்களாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. அத்தையிடம் அந்த மையத்தில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் அதிகம் பேசவில்லை, சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். மலத்தில் ரத்தமோ, காரணமில்லாத எடைக் குறைவோ, இரவில் எழுப்பும் போக்கோ புதிதாக வந்தால், எத்தனை வருஷமாக ஐபிஎஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தாலும், பதிவை ஓரம் வைத்துவிட்டு மறுபடி குடல் மருத்துவரைப் பாருங்கள்.